வேட்டுக்காட்டில் பேர் கூப்பிட்டவர்

வேங்கடசாமி தண்ணீருக்காகப் போட்ட போர்வெல் தவறிப்போனதால்தான் எங்கள் ஊர் பிறந்தது. பாலக்காட்டு ரோட்டிலிருந்து உள்ளே நாலு மைல் தள்ளி, சோளம் தவிர வேறொன்றும் வராத மேட்டாங்காடு அது. நானூறு அடி இறங்கியும் ஈரம் தட்டவில்லை. வெள்ளை மாவுதான் புகையாகக் கிளம்பி வண்டி மேலும் ஆட்கள் மேலும் படிந்தது. வேங்கடசாமி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். போர்வெல் வண்டிக்காரர் ஒருவர் அந்த மாவில் ஒரு பிடியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய் யாரிடமோ காட்டினார். அவர் அதை எங்கேயோ அனுப்பினார். ஆறாம் மாதம் ஜீப்பில் கம்பெனிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அடியில் இருந்தது நல்ல சுண்ணாம்புக்கல்லாம். அது தொண்ணூற்று இரண்டாம் வருடம்.

குவாரி வந்துவிட்டால் ஊர் வந்துவிடாது. தர்மபுரிப் பக்கமிருந்தும் சேலத்துப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள்; சாக்கை விரித்துப் படுத்தார்கள்; மூன்று மாதம் கல் உடைத்துவிட்டு மூட்டையைக் கட்டினார்கள். மூட்டை கட்டாமல் தங்கிய முதல் ஆள் பாலுசாமி.

பாலுசாமிக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. காக்கி அரைக்கால் சட்டையும், காதில் எப்போதும் ஒரு துண்டு பீடியும். கணபதி என்ற ஊரில் ஒரு மில்லில் பதினெட்டு வருடம் சங்கு பிடித்தவர். ஷிப்ட் தொடங்கவும் முடியவும் ஊதுகிறார்களே, அந்த வேலை. பக்கத்திலேயே நின்று கேட்டுக் கேட்டு இடது காது மந்தமாகிவிட்டது. அதனால் அவர் ரகசியம் பேசினாலும் மூன்று வீட்டுக்குக் கேட்கும். மில்லை மூடியபோது, கரண்ட் இல்லாத நேரத்துக்காக வைத்திருந்த, கையால் சுற்றுகிற பழைய சங்கை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"எல்லாரும் அடுத்து எந்த மில்லுல சேரலாமுன்னு அலைஞ்சாங்க. இந்த மனுசன் சங்கைத் தோள்ல போட்டுட்டு ஊட்டுக்கு வந்து நிக்கறாரு. என்னங்க இதுன்னா, இருக்கட்டும் பங்காரு, எங்கயாச்சும் ஊதலாங்கறாரு" என்று அவர் மனைவி பங்காரம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வந்தால் தமிழ். சண்டை முற்றினால் மட்டும் தெலுங்கு வாசலுக்கு வரும்.

ஊத இடம் கிடைத்தது. குவாரியில் பாறைக்குத் துளை போட்டு மருந்து வைத்து வெடிப்பார்கள். வேட்டு என்போம். வேட்டுக்கு முன்னால் ஆட்களை விலக்க ஒரு ஆள் வேண்டும். பாலுசாமி சங்கோடு போய் நின்றார். அன்றைக்கே வேலை. பள்ளத்து ஓரத்திலேயே கழிவுக்கல்லை அடுக்கி, மண் பூசி, மேலே சிமெண்ட் சீட்டுப் போட்டு வீடு கட்டினார். வாசலில் நின்றால் பள்ளம் முழுக்கத் தெரியும். அதுதான் எங்கள் ஊரின் முதல் வீடு. இரண்டாவது, கம்ப்ரசர் மெக்கானிக் அப்துல் குத்தூஸ் வீடு. அவர் மனைவி பக்ருன்னிசா முன்பக்கத்தில் டீக்கடை போட்டார். பிறகு ஒன்றையொன்று பார்த்து வீடுகள் முளைத்தன.

நான் வந்தது தொண்ணூற்று நாலில், கல்யாணமாகி. எனக்குப் பிறந்த ஊர் கருமத்தம்பட்டி. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். தறிச் சத்தத்தில் பேசினாலும் யாருக்கும் கேட்காது என்பதால் பேசாமலே பழகிவிட்டேன். இங்கே என் வீட்டுக்காரர் பாறைக்குத் துளை போடுகிறார். எனக்குக் கல் பொறுக்குகிற வேலை. வெள்ளைக் கல்லை ஒரு பக்கம், கறுப்பு ஓடினதை ஒரு பக்கம். பாலுசாமி வீட்டுக்கு எதிர்வீடு எங்களுடையது. ஆகவே அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவருக்கே தெரியாது.

பகல் பன்னிரண்டரைக்கு ஒரு வேட்டு, சாயங்காலம் அஞ்சுக்கு ஒரு வேட்டு. முதல் சங்கு நீளமாக ஊதும். உடனே எல்லோரும் மேட்டுப் புளியமரத்தடிக்குப் போய்விட வேண்டும். எல்லோரும் என்றால் எல்லோரும்தான். அடுப்பில் உலை கொதித்தாலும், காய்ச்சலில் படுத்திருந்தாலும், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும். அங்கே பாலுசாமி ஒவ்வொருவராகப் பேர் கூப்பிடுவார். கையில் நோட்டு கிடையாது, எல்லாம் மனப்பாடம். கடைசி ஆள் குரல் கொடுத்த பிறகுதான் இரண்டாம் சங்கு. அப்புறம் திரி, வேட்டு. புகை அடங்கியதும் மூன்றாம் சங்கு, எல்லோரும் திரும்பலாம்.

"கதிர்வேலு!"

பதில் இல்லை.

"கதிர்வேலு எங்க?"

"ஒண்ணுக்குப் போயிருக்காருங்க" என்பாள் அவர் பெண்டாட்டி.

"வரட்டும். வேட்டு காத்திருக்கும்."

"ஏனுங்ணா, அவரு போனா லேசுல வரமாட்டாருங்க."

"அவுரு வர்ற வரைக்கும் கம்பெனியே காத்திருக்குமுங்க அம்மணி. மேனேஜரோட ஒண்ணுக்குக்கு நிக்காத கம்பெனி உன்ற ஊட்டுக்காரனுக்கு நிக்குது. பெருமைப்பட்டுக்கோ."

பிள்ளை பிறந்தால், தாயிடம் பெயர் விசாரிக்கிற முதல் ஆள் அவர்தான். "சீக்கிரம் பேர் வையுங்க, நான் கூப்பிடோணும்" என்று வாசலில் வந்து நிற்பார். அவர் தொல்லை தாங்காமல் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு மூன்றாம் நாளே பெயர் வைத்துவிடுவார்கள். என் மகள் லோகப்பிரியா பிறந்தபோது இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. அதுவரைக்கும் மரத்தடியில் அவள் "எதுத்தூட்டுப் பாப்பா".

அந்த மரத்தடிதான் எங்களை ஊராக்கியது என்று எனக்குத் தோன்றும். முதலில் தர்மபுரிக்காரர்கள் ஒரு பக்கமும் சேலத்துக்காரர்கள் ஒரு பக்கமுமாகத்தான் நின்றார்கள். ஆனால் உச்சி வெயிலில் மரத்தின் நிழல் ஒரே பக்கம்தான் விழுகிறது. நிழலுக்காக நெருங்கி, நெருங்கியதால் பேசி, பேசியதால் சண்டை போட்டு, மறுநாளும் அதே நிழலில் நிற்க வேண்டியிருந்ததால் சமாதானமானார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, இருபது இருபது நிமிடம். இரண்டு கல்யாணம் அந்த நிழலில்தான் பேசி முடிந்தது. டவுன் பஸ் கண்டக்டர் "வேட்டுக்காடெல்லாம் எறங்குங்க" என்று கத்தப் போய் அதுவே பெயராக நின்றுவிட்டது.

ஆனாலும் பாலுசாமிக்கு ஒரு குறை. பங்குனி, சித்திரை வந்தால் அவரவர் பிறந்த ஊரில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். தொண்ணூற்று ஆறில் அப்படித்தான் நாலு நாள் குவாரியே மூடிக் கிடந்தது. இருந்தது மூன்றே குடும்பம். பாலுசாமி, குத்தூஸ், நாங்கள். அன்று பன்னிரண்டரைக்கு, பழக்கத்தில், பாலுசாமி சங்கைச் சுற்றிவிட்டார். மரத்தடிக்குப் போய் நின்றார். சுற்றிலும் யாருமில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குத்தூசு!" என்றார்.

டீக்கடைக்குள்ளிருந்து, "இருக்கேனுங்ணா, இன்னைக்கு வேட்டு இல்லீங்ணா" என்று குரல் வந்தது.

"தெரியுமப்பா. சும்மாதான் கூப்புட்டேன்."

அடுத்த தை மாதம் ஒரு செய்தி வந்தது. கம்பெனி பள்ளத்தை அகலமாக்கப் போகிறதாம். வீடுகள் வேட்டுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன என்று சர்வேயர் வந்து அளப்பாராம். பள்ளத்து விளிம்பிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் இருப்பவை போக வேண்டுமாம். அது வாய்க்கு வாய் மாறி, மொத்த வேட்டுக்காட்டையும் காலி செய்யப் போகிறார்கள் என்று ஆனது. நாற்பத்தொரு வீடு. எங்கே போவது? புறப்பட்டு வந்த ஊரில் எங்களில் பாதிப் பேருக்குச் சுவர்கூட மிச்சமில்லை.

பாலுசாமி அன்று அஞ்சு மணி வேட்டுக்குப் பேர் கூப்பிட்டு முடித்தவர், இரண்டாம் சங்கை ஊதாமல் நின்றார்.

"நம்ம ஊர்ல நோம்பி சாட்டோணுமுங்க" என்றார். "கோயில் இருக்குது, நோம்பி இருக்குதுன்னா அது ஊரு. நோம்பி சாட்டுன ஊரை எடுக்கறதுக்கு எவனுக்குக் கை வரும்? வெறும் குடிசைன்னா எடுத்துப்போடுவாங்க."

"கோயிலு எங்கீங்ணா இருக்குது?"

"கட்டுனா இருக்குது. கல்லுக்கா பஞ்சம்?"

சிரித்தார்கள். ஆனால் பங்குனிக்குள் மரத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்கல்லால் ஆளுயரத்துக்கு ஒரு கோயில் எழும்பிவிட்டது.

நோம்பி சாட்டுவது, அதாவது திருவிழாவை அறிவித்துத் தொடங்குவது, விளையாட்டில்லை. மூன்று கவையாகக் கிளை பிரிந்த மரத்தைப் பட்டை உரித்து, மஞ்சள் பூசி, கோயிலுக்கு முன்னால் நடுவார்கள். அதற்குக் கம்பம் என்று பெயர். கம்பம் நட்டுவிட்டால் அந்த நேரம் ஊருக்குள் இருந்த ஆள் யாரும் நோம்பி முடிகிற வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம்; பொழுது விழுந்தால் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். மீறினால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. மீறிப் பார்த்தவர்களும் இல்லை. எங்களுடையது எட்டு நாள் நோம்பி.

செவ்வாய்க்கிழமை நடுவது என்று முடிவாயிற்று. எந்த நேரத்தில் என்று பேச்சு வந்தபோது பாலுசாமி சொன்னார்: "பன்னெண்டரைச் சங்குக்கு எல்லாரும் இங்கதான நிப்போம்? அப்பவே நட்டுப்போடலாம். தனியாக் கூப்புட வேண்டாம்."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் சர்வேயர் வந்து இறங்கினார். பெயர் திருமூர்த்தி. முப்பது வயதுக்குள். வெள்ளைச் சட்டை, கையில் குடை. ஜீப் அவரை விட்டுவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டது. கம்பெனி வாட்ச்மேனை அளவுச் சங்கிலி பிடிக்க வைத்துப் பள்ளத்து ஓரத்தில் அளந்துகொண்டிருந்தார். முதல் சங்கு ஊதியது. அவர் நகரவில்லை.

பாலுசாமி ஓடினார். "ஏனுங்க சார், மரத்தடிக்கு வந்துருங்க."

"நான் குவாரி ஆளில்லீங்க. சர்வே. இன்னும் ரெண்டு சங்கிலிதான் பாக்கி."

"கல்லுக்கு அது தெரியாதுங்களே. சங்கு ஊதீட்டா கலெக்டரே ஆனாலும் மரத்தடிதானுங்க. வாங்க, உங்க பேர் என்னங்க? நான் கூப்புடோணும்."

வேறு வழியில்லாமல் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். பாலுசாமி வழக்கம்போல எல்லோரையும் கூப்பிட்டு, கடைசியாக "திருமூர்த்தி சாருங்க!" என்றார். அவர் கூச்சத்தோடு, "இருக்கேனுங்க" என்றார். "நூத்தி நாப்பத்தி ரெண்டு! நேத்தைக்கு விட ஒண்ணு எச்சு" என்று பாலுசாமி பெருமையாகச் சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினார். தப்பட்டை முழங்கியது. கம்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். பெண்கள் வரிசையாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம். சர்வேயரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏனுங்க, இப்ப நட்டது மாரியம்மன் கம்பமுங்களா?"

"ஆமாங்க."

"சாட்டுக் கம்பம்?"

"ஆமாங்க சார். ஏனுங்க?"

"நான் காரமடைக்காரனுங்க. ராத்திரிக்கு ஊட்டுக்குப் போகோணுமே" என்றார் திருமூர்த்தி, பலவீனமான குரலில்.

முதலில் சிரித்தது பக்ருன்னிசாதான். "அப்ப சாருக்கு எட்டு நாளைக்கு டீ நம்ம கடையிலதானுங்க."

பாலுசாமியின் முகத்தை நான் பார்த்தேன். மரத்தடிக்கு அழைத்து வந்தபோது கம்பத்தை மறந்துவிட்டார்; கம்பம் நட்டபோது ஆளை மறந்துவிட்டார். "ஆபீசரையே கட்டிப்போட்டுட்டீங்களே பாலுசாமியண்ணா, பலே ஆளு!" என்று கதிர்வேலு தோளில் தட்டியபோது அவருக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. "சத்தியமா நெனப்பில்லப்பா" என்றார். யாரும் நம்பவில்லை. நான் நம்பினேன்.

திருமூர்த்தி கம்பெனி ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்தது அவர் அம்மா ராசாத்தாள். அந்த அம்மாளும் நம் பாலுசாமி ஜாதிக் குரல். வெளியே கல் பொறுக்கிக்கொண்டிருந்த எங்களுக்கே கேட்டது.

"அங்கயே இருந்துக்கோ கண்ணு. ஆபீசுக்குப் போ, சோறு எங்க வேணுமின்னாலும் உண்ணு. பொழுது உழுந்தா அங்க போயிப் படுத்துக்கோ. எல்லையத் தாண்டிப் படுத்துபோடாத."

"ஏம்மா, நான் இவிங்க ஊட்டையெல்லாம் எடுக்கறதுக்கு அளக்க வந்தவன்."

"அப்ப உனக்குத்தான் எச்சாப் பயம் இருக்கோணும். போனை வை."

எங்கே படுப்பது? பாலுசாமி முந்திக்கொண்டார். "எங்க ஊடுதான். மொத ஊடு, மொத ஒறம்பரை." ஆனால் பங்காரம்மா அவசரமாக, "நம்ம ஊடு வேண்டாமுங்க, சாருக்கு வசதிப்படாது. குத்தூசு ஊட்டு வாசல்ல நல்லாக் காத்து வரும்" என்றார். விருந்தாளியைத் தட்டிவிடுகிற பெண்மணி இல்லை அவர். ஏன் என்று எனக்குத் தெரியும். தை மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் அவர்கள் கூரையின் பின்பக்கத்தில் பாலுசாமி ஒரு தார்ப்பாயை விரித்துக் கட்டியதைப் பார்த்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பாலுசாமி மனைவியின் கண்ணைப் பார்க்காமல், "காத்து இங்கயும் வரும்" என்று சொல்லிவிட்டார்.

அதிலிருந்து திருமூர்த்தி, மிச்ச அளவை நோம்பிக்குப் பிறகு என்று தள்ளிவைத்துவிட்டு, தினமும் காலை பஸ்ஸில் ஆபீசுக்குப் போவார். பொழுதோடு போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வருவார். "மாமனார் ஊட்டுக்கு வர்ற மாப்பிள்ளையாட்டம் இருக்குது" என்று பக்ருன்னிசா கேலி செய்வார். மூன்றாம் நாள் முதல் அவரே கம்பத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். லாரித் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். முதல் குடம் கம்பத்துக்கு, இரண்டாவது அடுப்புக்கு. ஞாயிற்றுக்கிழமை கம்பத்தைச் சுற்றி ஆடவும் செய்தார். ஆட்டம் வரவில்லை. ஆனால் வெட்கப்படாமல் ஆடினார்.

எல்லோருக்கும் ஒரே நினைப்புதான். இத்தனை ஒட்டிப்போன ஆள் நம்மை எடுக்கச் சொல்லி எழுதுவாரா? பாலுசாமி நடையே மாறிவிட்டது. மாரியம்மன் தன் பக்கம் என்று நம்பிவிட்டார்.

ஏழாம் நாள், திங்கட்கிழமை காலையில் பாலக்காட்டுக் காற்று திடீரென்று எழும்பியது. சல்லடையைத் திருப்பிக் கொடுக்க நான் அப்போதுதான் பங்காரம்மா வீட்டு வாசலுக்குப் போயிருந்தேன். கூரையில் தார்ப்பாய் படபடத்து ஒரு பக்கம் அவிழ்ந்துகொண்டது. உள்ளே படுத்திருந்த திருமூர்த்தியின் முகத்தில் நேராக வெயில் விழுந்தது. எழுந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். சீட்டில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு ஓட்டை.

"இதென்னங்க?"

"காத்துல ஒடஞ்சு போச்சுங்க" என்றார் பாலுசாமி. அவருடைய பெரிய குரல் அன்றைக்குச் சின்னதாக வந்தது.

பங்காரம்மா அடுப்பங்கரைக்குப் போனார். உப்பு மாங்காய் ஜாடியின் மூடிமேல் பாரத்துக்கு வைத்திருந்த கல்லை எடுத்து வந்து சர்வேயர் முன்னால் வைத்தார். இரண்டு கைப்பிடி அளவு வெள்ளைக்கல். ஒரு பக்கம் கத்திபோலக் கூர்.

"இந்தக் காத்துதானுங்க" என்றார். "தை மாசம் அஞ்சு மணி வேட்டுக்கு வந்துச்சு. நான் அப்ப மரத்தடியில நின்னேன். வந்து பாக்கறேன், அடுப்புக்கு முன்னால, நான் குந்தற எடத்துல இது குந்தீட்டிருக்குது. யாருட்டயும் சொல்லாதன்னாரு. நானும் வீணா ஏன் தூக்கி எறியறதுன்னு ஊறுகாய்க்கு வெச்சுக்கிட்டேன்."

திருமூர்த்தி கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தார். "ஏனுங்க சொல்லல?"

பாலுசாமி காதிலிருந்த பீடியை எடுத்தார். பற்ற வைக்காமல் மறுபடியும் சொருகினார். "இதுதானுங்க மொத ஊடு. மொத ஊடு போச்சுன்னா பொறவு ஒவ்வொண்ணாப் போயிருமுன்னு நெனச்சுபோட்டனுங்க."

"வேற ஊடுகள்ல கல்லு உழுந்திருக்குதுங்களா?"

பாலுசாமி தரையைப் பார்த்தார். நான் எங்கள் வீட்டுக்குப் போனேன். கண்ணில் படுகிற கல்லை எல்லாம் எடுத்துவைப்பது எனக்குத் தொழிலோடு வந்த பழக்கம். வேட்டு முடிந்து வரும்போதெல்லாம் வாசலிலும் தெருவிலும் புதிதாக விழுந்து கிடப்பதைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். பெரும்பாலும் நெல்லிக்காய் அளவு; ஒன்றிரண்டு எலுமிச்சை அளவு. கொண்டு வந்து அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கொட்டினேன்.

"எது வரைக்கும் கெடந்துச்சுங்க?" என்று கேட்டார் திருமூர்த்தி. நான் சொன்னது காதில் விழாமல் அவர் குனிய வேண்டியிருந்தது.

"டீக்கடைக்கு இந்தப் பக்கம் வரைக்குமுங்க. அந்தப் பக்கம் ஒரு நாளும் ஒண்ணும் இல்லீங்க."

பாலுசாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். இவள் பேசுவாளா என்று பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை மாவிளக்கு, பொங்கல். புதன்கிழமை காலையில் கம்பத்தைப் பிடுங்கி, பழைய பள்ளத்தில் நின்ற மழைத்தண்ணீரில் விட்டோம். மஞ்சள் நீராட்டில் சர்வேயரின் வெள்ளைச் சட்டை முதுகுப்பக்கம் முழுக்க மஞ்சளாகிவிட்டது. அந்தச் சட்டையோடேயே சங்கிலியை எடுத்து மிச்சத்தை அளந்தார். ஊரே பின்னால் நடந்தது. முந்நூறு மீட்டர் டீக்கடைக்கு இருபதடி முன்னால் வந்து நின்றது. அவர் அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு வீடு. அவை இருக்கும். வேட்டுக்காடு என்று பெயர் போட்டே குடியிருப்பாகக் குறிப்பேன் என்றார். இந்தப் பக்கம் பத்தொன்பது. அவை போக வேண்டும். அதில் முதலாவது பாலுசாமி வீடு, அடுத்தது எங்களுடையது.

"சார், எட்டு நாள் எங்க சோத்தை உண்டீங்க" என்றார் கதிர்வேலு. அவர் வீடும் கோட்டுக்குள்தான். "சங்கிலியச் சித்தெ லூசாப் புடிச்சா எங்க ஊடும் தப்பீரும்."

பாலுசாமி சொன்னார்: "சங்கிலி லூசானாக் கல்லு கொறைவாப் பறக்குமா கதிர்வேலு?"

"நீங்களாண்ணா இப்படிப் பேசறது? உங்களுதுதான மொதல்ல போகுது!"

"அதுக்குத்தான் நான் பேசறேன். எத்தனை பேரை மரத்தடிக்குத் தொரத்தியிருக்கேன். என்ற பெண்டாட்டி குந்தற எடத்துல கல்லு உழுந்ததை மூணு மாசம் மறைச்சுப்போட்டேன். நாளைக்கு நான் ஊட்டைப் பிரிக்கறேன். நீ வந்து சீட்டைப் புடி."

கோயிலுக்கு அந்தப் பக்கம் வேங்கடசாமிக்குக் கொஞ்சம் சரிவு நிலம் இருந்தது. எதற்கும் ஆகாத இடம். பத்தொன்பது வீட்டுக்கும் அதைக் கொடுத்தார். "நான் தண்ணி கேட்ட எடத்துல நீங்க வந்தீங்க. இங்கயாச்சும் தண்ணி வருதான்னு பாக்கலாம்" என்றார்.

மறுநாள் பாலுசாமி கூரையேறிவிட்டார். கூரை பிரிக்கிற வேலையை நடுவில் விடக் கூடாது என்பதால் சங்கைக் குத்தூசிடம் கொடுத்திருந்தார். சுற்றத் தெரிந்தால் போதுமே. பேர்களுக்கு என்ன செய்வது? குத்தூசுக்குப் பாதிப் பேர்தான் தெரியும். பாலுசாமி கூரையிலிருந்தபடியே என்னைப் பார்த்தார்.

"அம்மணி, உனக்கு எல்லாத்துப் பேரும் தெரியும். வாயைத் தொறக்கோணும், அவ்வளவுதான்."

பன்னிரண்டரைக்குக் குத்தூஸ் சங்கைச் சுற்றினார். எல்லோரும் நிழலுக்கு வந்தார்கள். நான் பாலுசாமி நிற்கிற இடத்தில் நின்றேன். எல்லா முகமும் என் பக்கம் திரும்பின. தரையைப் பார்த்துக்கொண்டு, அவர் கூப்பிடுகிற வரிசையிலேயே கூப்பிட்டேன். "சத்தமாக் கூப்புடுங்க, எம்பேரு எனக்கே கேக்கல" என்றார் கதிர்வேலு. அடுத்த பேரைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அதற்கடுத்ததை இன்னும் கொஞ்சம். பங்காரம்மா. பக்ருன்னிசா. என் மகள். கடைசிப் பேருக்கும் பதில் வந்துவிட்டது. என்னையும் சேர்த்து நூற்று நாற்பத்தொன்று. தினமும் வருகிற அதே கணக்கு.

குத்தூஸ் இரண்டாம் சங்குக்குக் கைப்பிடியைப் பிடித்தார்.

"இருங்கண்ணா" என்றேன்.

அந்தக் கணக்கில் கூப்பிடுகிறவர் பேர் என்றைக்கும் இருந்ததில்லை. கோட்டுக்கு உள்ளே, பாதி பிரித்த கூரையில் ஒரு காக்கி அரைக்கால் சட்டை தெரிந்தது. பாலுசாமி கால் மேல் கால் போட்டுக்கொண்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். சங்கு கேட்டிருக்கும். ஆனால் அது மற்றவர்கள் நகர்வதற்கு என்றே அஞ்சு வருடம் பழகிவிட்டார்.

நான் கையை வாயருகில் குவித்துக்கொண்டேன். "பாலுசாமியண்ணோவ்!"

என் குரல் அத்தனை தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. மரத்தடி மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. கூரைமேல் இருந்தவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்.

"இருக்கேன், இருக்கேன்! வாரேன்!"

இறங்கினார். வெறுங்கையோடு வருகிற ஆளா? கடைசியாகக் கழற்றிய சீட்டையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, முந்நூறு மீட்டரையும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். நடுவில் ஓட்டை இருந்த அதே சீட்டு. அது வழியாக அவர் உச்சந்தலை தெரிந்தது.

"ஊரையெல்லாம் தொரத்தத் தெரியும். தனக்கு நகரத் தெரியாது" என்றார் பங்காரம்மா, தெலுங்கில், வாசலிலும் இல்லாமல் நடுமரத்தடியில்.

பாலுசாமி சீட்டை இறக்கி மரத்தில் சாய்த்துவிட்டு நிழலுக்குள் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. "எத்தனை அம்மணி?"

"நூத்தி நாப்பத்தி ரெண்டுங்க" என்றேன்.

குத்தூஸ் இரண்டாம் சங்கைச் சுற்றினார். அன்றைக்கு வேட்டு பத்து நிமிடம் தாமதம்.